கேலனுக்கு இருபது

பெட்ரோல் விலை ஏறிய நாளிலிருந்து இந்த ஊரில் யாரும் யாரையும் சுகம் விசாரிப்பதில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். கார் வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, கேலனுக்கு எத்தனை மைல் என்பதுதான். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சீனி வியாதி எல்லாம் அதற்குப் பிறகு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் கேட்பேன். நான் கொன்ற என் மைத்துனர் வீரசிங்கமும் அப்படித்தான் கேட்பார்.

பேனாவை மூடி வைத்துவிட்டு இரண்டு தேநீர் சொன்னீர்களே, இன்ஸ்பெக்டர் இராமலிங்கம், அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கிழவருக்கு வீட்டில் ஏதோ மனஸ்தாபம், கொஞ்ச நேரம் பேச விட்டால் தானாக எழுந்து போய்விடுவார் என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்து யாரும் பயந்ததாகச் சரித்திரம் இல்லை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நாய்கள்கூட என்னைக் கண்டால் எழுந்து நிற்பதில்லை.

என் பெயர் வல்லிபுரம். கோலாலம்பூர் நில அளவை இலாகாவில் தலைமை வரைபடக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். நாட்டில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் என் உத்தியோகம். என் மனைவி நேசம்மா, வீரசிங்கத்தின் தங்கை. வீரசிங்கம் போன மாதம் ஃபெடரல் ஹைவேயின் ஓரத்தில், அவருடைய காரில், ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இறந்து போனார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டாக்டரை நான் குறை சொல்ல வரவில்லை. மாரடைப்பு அவருடையது. அவரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராமல் வழியில் நிறுத்தி வைத்தது நான்.

அந்தக் கார் முதலில் என்னுடையது. மாம்பழ நிறத்தில், இரண்டு கதவு வைத்த ஜப்பான் கார், ரோட்டரி எஞ்சின். எழுபத்து மூன்றின் கடைசியில் வாங்கினேன். நான் வாங்கிய கையோடு அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நேசம்மாவை இன்றுவரை நம்ப வைக்க முடியவில்லை.

ரோட்டரி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். எனக்கும் தெரியாமல்தான் வாங்கினேன். மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் ஏறி இறங்கும். இதில் அது கிடையாது. மூன்று மூலை வைத்த ஒரு கட்டி, கூடு மாதிரி ஒன்றுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் நகத்தைப் போல மெல்லியதாக ஒரு சீல். அந்தச் சீல் கூட்டின் சுவரை உரசிக்கொண்டு இருக்கும்வரை எஞ்சினின் மூச்சு உள்ளேயே தங்கும். தேய்ந்தால் மூச்சு கசியும். மூச்சு கசிந்தால் அதே வேலைக்கு அதிகமாகக் குடிக்கும். சுகமாக இருக்கும்போதே தாராளமாகக் குடிக்கிற எஞ்சின் அது, சுகம் கெட்டால் கேட்கவே வேண்டாம். ஆகையால் கேலனுக்கு எத்தனை மைல் என்பது ரோட்டரிக்காரனுக்கு வெறும் சிக்கனப் பேச்சில்லை. எஞ்சினைத் திறக்காமல் அதன் உடம்பைத் தெரிந்துகொள்ள அவனுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான்.

கந்தசாமி கோவிலுக்கு வருகிற எங்கள் ஆட்கள் என்னை வைத்துச் சிரிக்காத வெள்ளிக்கிழமை இல்லை. யானையை வாங்கிக் கட்டியவன் என்றார்கள். பெட்ரோல் பம்ப்காரனுக்கு நான் மருமகன் என்றார்கள். நான் விடவில்லை. இன்னும் பத்து வருடத்தில் உலகத்தில் பிஸ்டனே இருக்காது என்று மண்டபத்தில் நின்று பிரசங்கம் செய்தேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால். அந்த எஞ்சினுக்கும் மூன்று மூலை இருந்ததால் பொருத்தமாகவே இருந்தது.

வீரசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று, கிள்ளானில் வீடு கட்டிக் குடியிருந்தார். எங்கள் குடும்பத்தில் கலியாணம், காணி, காய்ச்சல் எதுவானாலும் அவர் சொல்தான் தீர்ப்பு. நேசம்மா என்னோடு முப்பது வருடம் வாழ்ந்தவள். நான் ஒன்று சொன்னால், "எதுக்கும் அண்ணையை ஒருக்கா கேட்டுப் பாப்பம்" என்பாள். மழை வரும்போல இருக்கிறது என்று நான் சொன்னாலும் அதுதான் பதில்.

ஒரு நாள் வீரசிங்கம் என் காரை ஓட்டிப் பார்த்தார். கோவில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"வல்லிபுரம் சொன்னது சரி காணும். இது வாகனம்."

அதற்குப் பிறகு அவர் அந்தக் காரை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார். நான் சந்தோஷமாகக் கொடுத்தேன். எஞ்சினுக்கு நான் பொறுப்பு மச்சான் என்று கோவில் வாசலில் வைத்தே சொல்லியும்விட்டேன். வல்லிபுரம் சொன்னது சரி. இந்த மூன்று சொற்களை இந்தக் குடும்பத்தில் எவனும் எனக்காகச் சொன்னதில்லை, இன்ஸ்பெக்டர். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. நடந்த அத்தனைக்கும் காரணம் அதுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கே தோன்றுகிறது. தேடிப் பார்த்தேன், இல்லை.

வீரசிங்கம் நோயாளிகளைப் பார்த்தே பழகியவர். அதனால் காரையும் நோயாளியாகத்தான் வைத்துக்கொண்டார். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் மனக்கணக்குப் போடுவார். பம்புகளில் கேலன் போய் லிட்டர் வந்த காலம் அது. அவர் விடமாட்டார், நாலரையால் வகுத்துக் கேலனாக்குவார். கார் நல்ல சுகத்தோடு இருந்தபோது இருபத்தொன்று கொடுத்தது. இருபதுக்குக் கீழே போனால் எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. மனிதனுக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு மாதிரி காருக்கு இருபது. இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. பத்திரிகை வாங்க, ஆளை இறக்க என்று எங்கே ஓரம் கட்டினாலும் உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். சும்மா ஓடவிட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

அப்படியே சில வருடம் போயிற்று. ஒரு நாள் டெலிபோன் வந்தது.

"வல்லிபுரம், பதினெட்டு."

"என்ன பதினெட்டு, மச்சான்?"

"பதினெட்டுத்தான் குடுக்குது. இன்னும் ஒருக்கா நிரப்பிப் பாப்பன். திரும்பவும் இறங்கினா, எஞ்சினைத் திறக்கத்தான் வேணும்."

அடுத்த கிழமை நான் கிள்ளானுக்குப் போய், சர்வீசுக்கு விடுகிறேன் என்று காரை வாங்கிக்கொண்டு செந்தூலுக்கு வந்தேன். இது வழக்கம்தான். வீரசிங்கத்துக்கு வொர்க்‌ஷாப் நாற்றம் ஆகாது. எனக்கோ என் பழைய காரை ஓட்ட ஒரு சாக்கு. செந்தூலில் நாகையா என்று ஒருவர், ரயில்வே பட்டறையில் இருந்து வெளியே வந்து சொந்தமாகக் கொட்டகை போட்டவர், வாய் ஓயாமல் பேசுவார். அன்று எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கிள், இது குடிக்க ஆரம்பிச்சிருச்சு. மூலையில இருக்கிற சீல் தேஞ்சு போச்சு லா. காலைல பச்சைத் தண்ணியா இருக்கிறப்ப ஒழுங்கா ஸ்டார்ட் எடுக்கும். நல்லா ஓடி சூடான பெறகு நிப்பாட்டினீங்க, மறுபடி எடுக்காது. ஆறுற வரைக்கும் ரோட்டுல நிக்க வேண்டியதுதான். எஞ்சின எறக்கிரட்டுமா?"

இதை நான் தெளிவாகக் கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பிறகு வக்கீல் யாராவது வந்து, பாவம் கிழவருக்கு விளங்கவில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

எஞ்சினை இறக்கினால் வெள்ளிக்கிழமை கோவிலில் செய்தி பரவும். வல்லிபுரத்தின் எஞ்சின் ஆயுள் முடிந்துவிட்டதாம். வீரசிங்கம் ஒன்றும் சொல்லமாட்டார். ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் முப்பது வருடம் பார்த்தவன். ஆகவே எஞ்சினை இறக்க வேண்டாம் என்று நாகையாவிடம் சொன்னேன். வேறொரு சின்ன வேலை செய்யச் சொன்னேன்.

கியர் பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி முன்னால் மீட்டருக்கு வருகிறது. அந்தச் சக்கரத்துக்குப் பல் குறைந்தால் கம்பி வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் மீட்டர் ஓடாத மைலையும் ஓடியதாகக் காட்டும். மைல் கூடினால் கேலன் கணக்கும் கூடும். பின்னால் பெரிய டயர் போடப் போகிறோம், மீட்டர் குறைத்துக் காட்டும், அதற்கு இப்போதே சரி செய்துவிடு என்று நாகையாவிடம் சொன்னேன். அவர் நம்பினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் பொய் சொன்னால் அளவெடுத்துத்தான் சொல்வேன்.

அடுத்த முறை பெட்ரோல் நிரப்பியதும் வீரசிங்கம் கூப்பிட்டார்.

"இருபது, மச்சான். காய்ச்சல் விட்டுட்டுது."

"ப்ளக் மாத்தினது," என்றேன்.

தெர்மாமீட்டரைத் தட்டிக் கீழே இறக்கிக் காய்ச்சலைக் குணப்படுத்திய டாக்டர் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை வீரசிங்கம் மண்டபத்தில் என் தோளில் கையை வைத்து, இவர் ஒரு சர்வீஸ் செய்தால் கார் புதுசு மாதிரி ஆகிவிடுகிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நேசம்மாவும் கேட்டாள். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு முழு மீன் கிடைத்தது.

ஒரு சிக்கல் வந்தது. பொய் மைல் காருக்குள்ளே மட்டும் இருக்கவில்லை, ரோட்டிலும் வந்து நின்றது. கிள்ளானில் வீரசிங்கத்தின் வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் கோவிலுக்குப் பழைய கணக்கில் இருபது மைல். அது இருபத்திரண்டாகிவிட்டது. அவர் கவனித்துவிட்டார். கவனிக்காமல் இருப்பாரா? ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் இருக்கும்போது கேட்டார்:

"வல்லிபுரம், உம்மட இலாகா விசயம்தானே இது. கிள்ளான் எப்ப காணும் ரெண்டு மைல் தள்ளிப் போனது?"

அந்த வருடங்களில் ரோடு ஓரத்து மைல் கட்டைகளைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கற்களை நட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நாலாங்கட்டை, ஆறாங்கட்டை என்று இடத்துக்கே அதைப் பெயராக வைத்து வாழ்ந்தவர்கள். கட்டை போனதும் எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லாமல் போயிற்று. கார் மைலில் ஓடியது, கல் கிலோமீட்டரில் நின்றது, பெட்ரோல் லிட்டரில் வந்தது. பொய் சொல்கிறவனுக்கு அதைவிட நல்ல காலம் வாய்க்காது.

நான் மண்டபத் தரையில் குந்தி, விரலால் கோடு போட்டு விளக்கினேன். பழைய கட்டைகள் வெள்ளைக்காரன் போட்ட பழைய பாதைக்கு நட்டவை. ஹைவேயை அகலமாக்கியபோது வளைவுகளைப் பெரிதாக்கினார்கள். வளைவு பெரிதானால் தூரம் கூடும். இலாகாவில் எங்களுக்கு இது முன்பே தெரியும், வெளியில் சொல்வதில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர், அதனால்தான் பஸ் சார்ஜ் ஏறிவிட்டதா என்று கேட்டார். அதனால்தான் என்றேன். நாட்டின் படத்தை ஒழுங்காக வரையச் சம்பளம் வாங்கியவன், கோவிலில் உட்கார்ந்து கிள்ளானைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் தேய்வது நிற்கவில்லை. இருபது மறுபடியும் இறங்கியது. நான் மறுபடியும் சர்வீசுக்கு எடுத்துப் போனேன். இன்னும் ஒரு பல் குறைந்த சக்கரம். கிள்ளான் இன்னும் ஒன்றரை மைல் தள்ளிப் போயிற்று. இந்த முறை யாரும் கேட்கவில்லை, வளைவுதான் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மீட்டர் மைலைக் கூட்டினால் வேகத்தையும் கூட்டித்தான் காட்டும். அறுபதில் போவதாக நினைத்து ஐம்பதில் போனார் வீரசிங்கம். வந்து சேர நேரமாகிறது என்பார். டிராஃபிக் கூடிவிட்டது மச்சான் என்பேன். இந்த ஊரில் அதை மறுக்க யாரால் முடியும்?

ஒரு தடவை கடவுளே வந்து காட்டிக்கொடுத்தார். கிள்ளான் பாசாரில் நண்டு வாங்க நிறுத்தியிருக்கிறார். திரும்பி வந்தால் கார் எடுக்கவில்லை. கடையில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்து முடித்தபின் எடுத்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் எனக்குப் போன் செய்தார்.

"சூட்டில பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாகுது, மச்சான்," என்றேன். "இந்த நாட்டு வெயிலுக்கு எல்லாக் காரும் அப்பிடித்தான். பானெட்டைத் திறந்து வைச்சிட்டு அஞ்சு நிமிசம் பொறுங்கோ, ஆவி அடங்கிடும்."

அவர் தன் கணக்குக்கே போனார். "ஓம். எஞ்சினில பிழையிருந்தா இருபது குடுக்குமே?"

"குடுக்காது," என்றேன்.

அந்த மனிதர் நாற்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவர். நோயாளி கண்ணெதிரே மயங்கி விழுந்தாலும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுச் சுகம் என்று சொல்கிற ஆளாக அவரை நான் மாற்றியிருந்தேன். எனக்கே அப்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன். வீரசிங்கத்தின் மனைவி புனிதவதி, செத்தவீட்டில் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்லி அழுததுதான் இது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு நெஞ்சில் அடைத்திருக்கிறது. இடது கை கனத்திருக்கிறது. அது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. வாயு என்றுதான் சொன்னாராம், ஆனாலும் தான் வேலை பார்த்த கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அங்கே எல்லா டாக்டர்களும் பழக்கம். தானே காரை எடுத்தார். புனிதவதி பக்கத்தில். கார் முதல் தட்டிலேயே எடுத்தது, பச்சைத் தண்ணீராக இருந்தது அல்லவா. ஹைவேயில் பத்து தீகா என்கிற ஊரைத் தாண்டும்போது அவருக்குக் குமட்டியிருக்கிறது. ஓரம் கட்டினார். கட்டியதும் கை பழக்கத்தில் சாவியைத் திருப்பி அணைத்தது. வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, எடுக்கவில்லை.

அவர் பதறவில்லை. புனிதவதியை இறங்கிப் பானெட்டைத் திறந்து விடச் சொன்னார். "அஞ்சு நிமிசம். ஆவி அடங்கட்டும்," என்றார். ஒரு லோரிக்காரர் நிறுத்தி, மலாயில் என்ன உதவி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை, கார் நல்ல கார், இப்போது எடுத்துவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பிறகு திருப்பினார். பிறகும் திருப்பினார். வேர்வையில் சட்டை நனைந்துவிட்டது. சாவியில் வைத்த கை அப்படியே இருக்க, தலை மட்டும் ஸ்டீயரிங்கில் சாய்ந்தது. ஹார்ன் அழுந்தி அலறியிருக்கிறது. அந்தச் சத்தம் இப்போதும் காதில் நிற்கிறது என்கிறாள் புனிதவதி. அந்தச் சத்தத்தில்தான் வேறு கார்கள் நின்றன.

எனக்குச் செய்தி வந்ததும் நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. என்னைச் சரி என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான், அவரை இழந்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அன்று சாப்பாட்டுப் பந்தியில் யாரோ சொன்னார்கள், கார் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆள்தான் போய்விட்டார் என்று. எல்லோரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். எனக்கு இரண்டாம் முறையும் பாயசம் ஊற்றினார்கள், குடித்தேன். காரை எனக்கே திருப்பித் தந்துவிட்டாள் புனிதவதி. நான் அதைச் செந்தூலுக்குக் கொண்டுபோய், இப்போதாவது திறந்து பாருங்கள் என்று விட்டேன். நாகையா அந்தச் சீல்களைக் கையில் எடுத்துக் காட்டினார். காட்டிவிட்டு, வாய் ஓயாத அந்த மனிதர், அவற்றை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அங்கிருந்து நேராக இங்கே வருகிறேன்.

நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். இப்போதே சொல்லிவிட்டீர்கள்.

"அங்கிள், இதுல கேஸ் ஒன்னும் இல்ல லா. மீட்டர மாத்தினது தப்புதான். அதுக்காக கொலைன்னு எப்படி எழுதுறது? அவரு விதி. வீட்டுக்குப் போங்க, ஆன்டி தேடுவாங்க."

இதுதான் என் தலையெழுத்து. குற்றவாளியாக வந்து நின்றாலும் என் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நீங்கள் படித்தவர், சட்டம் தெரிந்தவர். ஒரு சின்னப் பல்சக்கரம் ஒரு மனிதனைக் கொல்ல முடியாது என்கிறீர்கள். நியாயம்தான். அவருக்கு வேறு கார் கிடைக்காமல் போயிருந்தால் விதி என்று நானும் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். வீரசிங்கத்தின் பக்கத்து வீட்டில் அய்யூப் இருக்கிறார், கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"என் வண்டி கேட்டுல ரெடியா நின்னுச்சு அண்ணே. எஞ்சின ஓடவிட்டே வச்சிருந்தேன். ஏறுங்கன்னு அவர் கையப் புடிச்சேன். ஏறவும் வந்துட்டாரு. அதுக்குள்ள அக்கா உள்ள போயி போன் பேசிட்டு வந்தாங்க. வேணாம், எங்க கார்லயே போறோம்னுட்டாங்க."

ஏன் பேனாவைத் திறக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர்? அது சாதாரண விஷயம். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். யாரிடம் பேசினாள் என்றா கேட்கிறீர்கள்? என்னிடம்தான்.

நேசம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன். புனிதவதிக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணை, இவருக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது. அய்யூப் பாய் தன்ர காரில வரச் சொல்லுறார். எங்கட காரில போகட்டோ, அவற்ற காரில போகட்டோ? இவர் உங்களைக் கேக்கச் சொல்லுறார். வல்லிபுரம் என்ன சொல்லுறாரோ அதுதான் எண்டு சொல்லிப்போட்டார்."

அய்யூப் காரில் போங்கோ. இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்டிருப்பாள் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டிருக்கமாட்டாள், அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை. நாகையா சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் கிள்ளானில் இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நடுவில் எங்கேயும் நிறுத்தமாட்டார்களே என்று நினைத்தேன். "எங்கட காரிலயே போங்கோ தங்கச்சி, ஒரு பயமும் இல்லை," என்றேன்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ளத்தான் வேண்டுமா? பல்சக்கரத்தை எழுதுங்கள், டயர் பொய்யை எழுதுங்கள், வளைவை எழுதுங்கள், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் விட்டுவிடுங்கள். வீரசிங்கம் ஒரு காரியம் செய்வதற்கு முன்னால் என் வார்த்தைக்குக் காத்து நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான், இன்ஸ்பெக்டர். அவ்வளவு நம்பிக் கேட்கிற மனிதரிடம், உங்கள் கார் சரியில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.